பியர் டு பியர் மென்பொருளைப் பழுதுகளுக்குத் தக்கபடி இயங்க வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2010 டிசம்பர் 22 அன்று ஸ்கைப் என்ற இணைய அழைப்புச் சேவை உலகம் முழுவதும் படுத்துவிட்டது. அப்போது அது பெரும்பாலும் பியர் டு பியர் முறையில் ஓடியது: பயனர்களின் கணினிகளே ஒன்றோடொன்று நேரடியாகப் பேசி நெட்வொர்க்கை நடத்தும், அப்படிப்பட்ட ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு, அல்லது பியர். ஆரம்பம் சின்னதுதான். ஆஃப்லைன் செய்திகளைக் கவனிக்கும் சில சர்வர்களில் சுமை கூடி, பதில்கள் தாமதமாக வந்தன. விண்டோஸுக்கான ஒரு குறிப்பிட்ட பதிப்பு அந்தத் தாமதமான பதில்களைக் கையாளத் தெரியாமல் கிராஷ் ஆனது. அப்போது பயனர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தப் பதிப்பில் இருந்தார்கள். கிராஷ் ஆன கணினிகளில், மற்றவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க உதவி நெட்வொர்க்கைத் தாங்கிக்கொண்டிருந்த சூப்பர்நோடுகளும் இருந்தன. மொத்த சூப்பர்நோடுகளில் 25 முதல் 30 சதவீதம் போய்விட்டன.

மிச்சம் இருந்தவை மேல் முழுச் சுமையும் இறங்கியது. ஆப் விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதை மறுபடி திறந்தார்கள். சூப்பர்நோடுகளுக்கு வந்த போக்குவரத்து வழக்கத்தைவிட சுமார் 100 மடங்கானது. சுமை எல்லை மீறினால் தானாக விலகிக்கொள்ளும் ஒரு தற்காப்பு ஒவ்வொரு சூப்பர்நோடிலும் இருந்தது. அதன்படி அவை ஒவ்வொன்றாக விலகின. விலக விலக, மற்றவற்றின் சுமை இன்னும் ஏறியது. பொறியாளர்கள் பெரிய சூப்பர்நோடுகளை நூற்றுக்கணக்கில் தாங்களே இயக்கித்தான் நெட்வொர்க்கை மீட்டார்கள். அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆனது.

முதல் பழுது மூன்றில் ஒரு பங்கைக்கூட முழுதாக எடுத்துப் போகவில்லை. மற்றதையெல்லாம் கொண்டுபோனது அந்தப் பழுதுக்கு அமைப்பு காட்டிய எதிர்வினை. பியர் டு பியர் மென்பொருள் எழுதுகிறவர் மனதில் முதலில் பதிய வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நோடுகள் விழுவதை உங்களால் தடுக்க முடியாது. அவை விழும்போது மற்ற நோடுகள் என்ன செய்கின்றன என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. கோப்புப் பகிர்வு, ஒத்திசைவு, செய்திப் பரிமாற்றம், பரவலான சேமிப்பு என நீங்கள் எதைக் கட்டினாலும் கீழே உள்ள படிகள் பொருந்தும்.

படி 1: எந்தெந்தப் பழுதுகளைத் தாங்க வேண்டும் என்று எழுதி வையுங்கள்

"நோடு செயலிழந்தால்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வடிவமைப்புக்குள் போகிறவர்கள் நிறைய. அந்த ஒரு வரிக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

நோடு சொல்லாமல் மறைந்துபோகலாம்: லேப்டாப் மூடப்பட்டிருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும். நோடு உயிரோடு இருந்தும் மெதுவாகியிருக்கலாம். டிஸ்க் திணறும்போது பத்து கோரிக்கையில் ஒன்றுக்குத்தான் பதில் வரும். நோடால் வெளியே பேச முடியும், ஆனால் அதை வெளியிலிருந்து எட்ட முடியாது என்றும் இருக்கலாம். இதற்குப் பெரும்பாலும் ரவுட்டரில் உள்ள முகவரி மாற்றம், அதாவது நாட், காரணமாக இருக்கும். நெட்வொர்க்கே இரண்டு துண்டாகி, இரு பக்கமும் தனித்தனியாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கலாம். கடைசியாக, நோடு தவறான தகவலைச் சொல்லலாம், வேண்டுமென்றோ கெட்டுப்போன தரவாலோ.

மூன்றாவது வகையை அலட்சியப்படுத்த வேண்டாம். அ-வும் ஆ-வும் பேசிக்கொள்கின்றன, ஆ-வும் இ-யும் பேசிக்கொள்கின்றன, ஆனால் அ-வால் இ-யை எட்ட முடியவில்லை. இணையத்தில் இது சர்வசாதாரணம். "எனக்குப் பதில் வரவில்லை, ஆகவே அது இறந்துவிட்டது" என்று ஒரு நோடு எல்லோருக்கும் அறிவிக்கும் வடிவமைப்பு இந்த இடத்தில் உடைந்துவிடும்.

பழுதுகள் சேர்ந்து வரும் என்பதையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு நோடும் தன் பாட்டுக்கு விழும் என்று வைத்துக் கணக்குப் போடுவது எளிது. ஆனால் ஒரே மென்பொருள் பதிப்பு, ஒரே இணையச் சேவை, ஒரே இயங்குதள அப்டேட் ஆகியவை ஆயிரக்கணக்கான நோடுகளை ஒரே நிமிடத்தில் சாய்த்துவிடும். ஸ்கைப்பில் நடந்தது இதுதான்.

படி 2: சந்தேகத்தையும் தீர்ப்பையும் பிரியுங்கள்

ஒரு நோடு இறந்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று நெட்வொர்க் வழியாக நூறு சதவீதம் உறுதியாகச் சொல்ல வழியே இல்லை. செய்திகள் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதற்கு உச்சவரம்பு இல்லாத இடத்தில், அமைதிக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. எனவே நீங்கள் கட்டப்போவது ஊகிக்கும் கருவி. அது தவறும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள்.

டைம்அவுட்டை, அதாவது பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை, மாறாத எண்ணாக வைக்காதீர்கள். ஒவ்வொரு பியருக்கும் செய்தி போய்வரும் நேரத்தை அளந்து, அதன் நகரும் சராசரியையும் ஏற்ற இறக்கத்தின் சராசரியையும் தனித்தனியாக வைத்திருங்கள். இணையத்தில் தரவை நம்பகமாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறைக்காக வான் ஜேக்கப்சன் 1988-ல் காட்டிய வழி இது. இன்று ஆர்.எஃப்.சி. 6298 என்ற இணையத் தர ஆவணத்தில் இருக்கும் வடிவத்தில் டைம்அவுட் என்பது சராசரியோடு ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டியது. சராசரி 80 மில்லி விநாடி, ஏற்ற இறக்கம் 10 என்றால் 120-ல் கைவிடலாம். அதே சராசரி, ஏற்ற இறக்கம் 100 என்றால் 480 வரை காத்திருக்க வேண்டும். மறுபடி அனுப்பிய செய்திக்கு வந்த பதிலை அளவீட்டில் சேர்க்காதீர்கள். அது எந்தச் செய்திக்கான பதில் என்று தெரியாது.

அடுத்து, மறைமுகமாகக் கேட்பது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2002-ல் வெளியான ஸ்விம் நெறிமுறை இதை அழகாகச் செய்கிறது. ஒரு நோடுக்குப் பிங், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு செய்தி, அனுப்பிப் பதில் வராவிட்டால், வேறு சில நோடுகளிடம் "நீங்கள் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்கிறது. அவற்றுக்கும் பதில் இல்லை என்றால்கூட அந்த நோடு "சந்தேகத்துக்குரியது" என்றுதான் குறிக்கப்படும். அந்தச் செய்தி மற்ற செய்திகளின் முதுகில் ஏறி, ஊர் வதந்தி போல நோடிலிருந்து நோடுக்குக் காசிப் முறையில் பரவும். சந்தேகத்துக்கு ஆளான நோடு உயிரோடு இருந்தால், தன் பிறவி எண்ணை (தன் நிலையைப் புதிதாக அறிவிக்கும்போது கூட்டும் எண்ணை) ஒன்று கூட்டி "நான் இருக்கிறேன்" என்று மறுக்கலாம். குறித்த நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால்தான் தீர்ப்பு. நெட்வொர்க் எவ்வளவு பெரிதானாலும் ஒரு நோடுக்கு ஆகும் பிங் செலவு கூடுவதில்லை என்பது இதன் பெரிய பலம்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. சந்தேகப்படும் நோடே திணறிக்கொண்டிருந்தால்? அதன் சிபியூ நிரம்பி வழிகிறது, வந்த பதில்கள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன, அது ஊரில் எல்லோரும் இறந்துவிட்டதாக அறிவிக்கிறது. ஹாஷிகார்ப் பொறியாளர்கள் ஸ்விம்மோடு சேர்த்த லைஃப்கார்டு இதற்கான மருந்து. தன் பிங்குகள் தொடர்ந்து தோற்றால் நோடு முதலில் தன்னைச் சந்தேகித்து, தன் டைம்அவுட்டை நீட்டிக்கொள்ளும். இந்தத் தற்சந்தேகத்தை எந்த நெறிமுறையோடும் சேர்க்கலாம். சில பத்து வரி நிரல்தான் ஆகும். கட்டாயம் சேருங்கள்.

"உயிர், இறப்பு" என்ற இரட்டை விடைக்குப் பதிலாக, சந்தேகத்தின் அளவை ஒரு எண்ணாகத் தருவதும் நல்ல வழி. 2004-ல் வந்த ஃபை அக்ருவல் முறை அப்படித்தான் செய்கிறது. கசாண்ட்ரா என்ற பரவலான தரவுத்தளம் இதைப் பயன்படுத்துகிறது, அங்கே இயல்பான வரம்பு 8. இதனால் ஒரே கண்டறிதலை வெவ்வேறு வேலைகளுக்கு வெவ்வேறு வரம்போடு பயன்படுத்தலாம். கோரிக்கையை வேறு வழியில் திருப்ப லேசான சந்தேகம் போதும். தரவை நகலெடுக்கத் தொடங்கப் பலமான சந்தேகம் வேண்டும்.

படி 3: அண்டை நோடுகளின் பட்டியலைத் தாராளமாக வையுங்கள்

எந்தத் தரவு எந்த நோடில் என்று தேட உதவும், 2001-ல் வெளியான கார்டு (Chord) அமைப்பில் நோடுகள் ஒரு வளையமாக இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த நோடை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் ஒரு பழுதில் வளையம் அறுந்துவிடும். அதனால் அடுத்தடுத்த பல நோடுகளின் பட்டியலை வைக்கிறார்கள். பட்டியலில் 20 பேர், ஒவ்வொருவரும் விழ 50 சதவீத வாய்ப்பு என்றாலும், அத்தனை பேரும் ஒன்றாக விழுவது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு முறைதான். பழுதுகள் தனித்தனியாக வரும் வரை இந்தக் கணக்கு செல்லும், அதை மறக்க வேண்டாம்.

2002-ல் பெட்டர் மேமூன்கோவும் டேவிட் மாசியரும் வெளியிட்ட கடெம்லியா என்ற தேடல் அமைப்பு வேறொரு நல்ல கவனிப்பிலிருந்து புறப்பட்டது. நெடுநேரம் ஆன்லைனில் இருந்த நோடு அடுத்த ஒரு மணி நேரமும் இருக்க அதிக வாய்ப்பு உண்டு. நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு நெட்வொர்க்கின் அளவீடுகள் இதைக் காட்டின. எனவே ஒரு பக்கெட் (அண்டைப் பட்டியலின் ஒரு பகுதி) நிரம்பியிருக்கும்போது புதிய நோடு வந்தால், கடெம்லியா அதை உடனே சேர்ப்பதில்லை. நெடுநாளாகப் பேசாத பழைய நோடுக்கு முதலில் பிங் அனுப்புகிறது. பதில் வந்தால் பழையதே தொடரும். புதிய நோடுகளை வெள்ளமாக அனுப்பி பட்டியலை நிரப்ப நினைக்கும் தாக்குதலுக்கும் இது ஓரளவு தடை. தேடும்போது ஒரே நேரத்தில் மூன்று பேரைக் கேட்பதால், ஒருவர் இறந்திருந்தாலும் தேடல் நின்றுவிடாது.

பட்டியலில் பன்முகத்தன்மை இருக்கட்டும். பிட்காயின் மென்பொருள் ஒரே முகவரித் தொகுதியில் இரண்டு வெளிச்செல்லும் இணைப்புகளை வைப்பதில்லை. அதே விதியை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மென்பொருள் பதிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெறிமுறையை நீங்களே மாற்றி எழுதினால் அதை ஒரு மாதிரிச் சோதிப்பானில், அதாவது சாத்தியமான நிலைகளையெல்லாம் தானாக ஆராயும் கருவியில், போட்டுப் பாருங்கள். கார்டின் வெளியான வடிவங்கள் எதுவும் சொல்லப்பட்டபடி முழுதும் சரியில்லை என்பதைப் பமேலா ஸேவ் அப்படித்தான் பல ஆண்டுகள் கழித்துக் காட்டினார். அத்தனை பேர் படித்த ஒரு வடிவமைப்பிலேயே அது தப்பியிருக்கிறது.

படி 4: சீரமைப்புக்கு வேகக் கட்டுப்பாடு போடுங்கள்

வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். ஒரு அண்டை நோடு விழுந்ததும் என்ன செய்வது? உடனே புதியவரைத் தேடி, பட்டியலைத் திருத்தி, எல்லோருக்கும் சொல்வதுதான் இயல்பாகத் தோன்றும். பழுதுகள் குறைவாக இருக்கும்போது அது நன்றாகவே வேலை செய்யும்.

பழுதுகள் கூடும்போது கதை மாறுகிறது. ஒவ்வொரு இறப்பும் ஒரு கொத்துச் செய்திகளைக் கிளப்பும். அந்தச் செய்திகள் பேண்ட்வித்தை அடைக்கும். அடைபட்ட இணைப்பில் பிங்குகள் தவறும். தவறிய பிங்குகளால் உயிரோடு இருக்கும் நோடுகளும் இறந்ததாகக் குறிக்கப்படும். அது இன்னும் செய்திகளைக் கிளப்பும். பெர்க்லியில் ஷான் ரியாவும் குழுவினரும் 2004-ல் பாம்பூ என்ற அமைப்பை வைத்து இந்தச் சுழலை ஆராய்ந்து, இதிலிருந்து தப்பும் வழியையும் சொன்னார்கள். பழுது வந்தவுடன் பதறாமல், குறித்த இடைவெளியில் பட்டியலைப் பக்கத்து நோடுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரு பழுது நடந்தாலும் ஐம்பது நடந்தாலும் சீரமைப்புக்கு ஆகும் போக்குவரத்து ஏறத்தாழ ஒன்றுதான்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இரண்டையும் கலந்த முறை. இறந்த நோடைப் பட்டியலிலிருந்து உடனே ஒதுக்குங்கள், அதற்குச் செய்தி எதுவும் தேவையில்லை. பட்டியல் ஆபத்தான அளவுக்குச் சுருங்கினால் மட்டும் உடனடித் தேடல். மற்ற எல்லாமே அடுத்த சுற்றில்.

சீரமைப்புப் போக்குவரத்துக்குத் தனி ஒதுக்கீடு வையுங்கள். ஒவ்வொரு நோடும் விநாடிக்கு இத்தனை பைட்தான் சீரமைப்புக்குச் செலவிடும், அதற்குமேல் வேலை இருந்தால் வரிசையில் நிற்கும். தோற்ற கோரிக்கையை மறுபடி அனுப்பும்போது இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள், அதோடு தற்செயலான ஒரு தாமதத்தைக் கலந்துவிடுங்கள். தற்செயல் இல்லாவிட்டால் ஆயிரம் நோடுகள் ஒரே தாளத்தில் இரட்டிப்பாக்கி, ஒரே நொடியில் திரும்ப வந்து மோதும்.

மறுமுயற்சிக்கு மொத்த அளவிலும் வரம்பு வேண்டும். அனுப்பும் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மறுமுயற்சியாக இருக்கக்கூடாது என்று வைத்தால், நெட்வொர்க் முழுவதும் திணறினாலும் சுமை ஏறத்தாழ 1.11 மடங்கைத் தாண்டாது. இது இல்லாமல், அடுக்கடுக்காக உள்ள மூன்று பகுதிகள் ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால் அடியில் இருப்பவருக்கு 27 கோரிக்கைகள் போய்ச் சேரும்.

ஸ்கைப் சூப்பர்நோடுகளில் இருந்தது போன்ற தற்காப்பு உங்கள் மென்பொருளிலும் இருக்கலாம். இருக்கவும் வேண்டும், பயனரின் கணினியை நாம் மூச்சுத்திணற வைக்கக்கூடாது. ஆனால் சுமை கூடியதும் முழுதாக விலகும்படி வைக்காதீர்கள். புதிய இணைப்புகளை மறுத்து, இருக்கிறவர்களுக்குச் சேவையைத் தொடரட்டும். மறுக்கும்போது "எவ்வளவு நேரம் கழித்து வா" என்றும் சொல்லட்டும்.

படி 5: தரவைக் காப்பாற்றும் கணக்கைப் போடுங்கள்

எந்த நேரத்திலும் பாதி நோடுகள்தான் ஆன்லைனில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நகல் வைத்தால், தரவு கிடைக்கும் வாய்ப்பு 87.5 சதவீதம். பத்து நகல் வைத்தால் 99.9. அதற்குப் பத்து மடங்கு இடம் வேண்டும். அழிவுதாங்கும் குறியீட்டில், எடுத்துக்காட்டாக ரீட்-சாலமன் முறையில், கோப்பை 10 பங்காக்கி 30 துண்டுகளாக விரிக்கலாம். எந்த 10 துண்டு கிடைத்தாலும் கோப்பு முழுதாகும். இடம் அதே மூன்று மடங்குதான், கிடைக்கும் வாய்ப்பு சுமார் 97.9 சதவீதம். இதற்கு ஒரு விலை உண்டு: சாதாரண குறியீட்டில் தொலைந்த ஒரு துண்டை மறுபடி உருவாக்க 10 துண்டுகளைத் தரவிறக்க வேண்டும். சின்னக் கோப்புகளுக்கு நகலே நல்லது.

இடத்தைவிடப் பேண்ட்வித்தான் உங்களைக் கட்டிப்போடும். ஒரு நோடில் 100 ஜிபி தரவு, சராசரியாக ஒரு நோடு நெட்வொர்க்கில் 30 நாள் தங்குகிறது என்றால், போனவர்களின் தரவை ஈடுகட்ட ஒவ்வொரு நோடும் விநாடிக்கு சுமார் 39 கேபி இடைவிடாமல் இறக்கவும், அதே அளவு ஏற்றவும் வேண்டும். அதுவே ஒரு நாள்தான் தங்குகிறது என்றால் விநாடிக்கு 1.16 எம்பி, அதாவது ஏறத்தாழ 9 மெகாபிட். பல வீட்டு இணைப்புகளுக்கு, அதுவும் இடைவிடாமல் ஏற்றுவதற்கு, இது பெரிய சுமை. வந்து வந்து போகும் நோடுகளில் பெரிய சேமிப்பைக் கட்ட முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. நிரல் எழுதும் முன் இதைப் போடுங்கள்.

செலவைக் குறைக்கும் வழி பொறுமைதான். ஆஃப்லைன் போனவர்களில் பலர் நாளைக்கே அதே டிஸ்க்கோடு திரும்பி வருவார்கள். அவர்கள் போன நிமிடமே நகலெடுத்தால் அத்தனையும் வீண். ஐந்து நகலை இலக்காக வைத்து, எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே இறங்கினால் மட்டும் சீரமையுங்கள். திரும்பி வந்தவரின் நகலை அழிக்காமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இயல்பாகவே நகல்கள் கூடி, சீரமைப்பு நாளடைவில் அரிதாகும்.

திரும்பி வந்தவரிடம் இருப்பது பழைய தரவா என்று பார்க்க மெர்கிள் மரம் போதும்: தரவுத் துண்டுகளின் ஹாஷ்களை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்களை) மேலே மேலே சேர்த்துக் கட்டிய மரம் அது. உச்சி ஹாஷ் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. இல்லையென்றால் வேறுபடும் கிளையில் மட்டும் இறங்குங்கள்.

படி 6: பிளவும் இணைப்பும்

நெட்வொர்க் இரண்டாகும்போது இரு பக்கமும் மற்ற பக்கத்தை இறந்ததாகக் கருதி மறந்துவிட்டால், கோளாறு சரியான பிறகும் அவை சேரவே சேராது. இறந்தவர்களின் முகவரிகளைச் சில நாட்கள் வைத்திருந்து, அவ்வப்போது ஒருவருக்குப் பிங் அனுப்புங்கள். ஒரே ஒரு பதில் வந்தால் போதும், இரண்டு உலகமும் ஒன்றை ஒன்று கண்டுபிடித்துவிடும்.

தரவில், இரு பக்கமும் மாற்றியவை மோதும். கடிகார நேரத்தை வைத்துக் கடைசியில் எழுதியவர் வெல்வார் என்று விட்டால் ஒருவரின் எழுத்து சத்தமில்லாமல் அழியும். ஒரு மாற்றத்தைச் செய்தபோது மற்ற மாற்றம் தெரியுமா என்பதை, ஒவ்வொரு நோடும் செய்த மாற்றங்களை எண்ணி வைக்கும் பதிப்பு வெக்டர் சொல்லும். தானே இணையும் சிஆர்டிடி தரவு வகைகள் பொருந்தினால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீக்கியதற்கும் ஒரு குறிப்பு வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட நாள் ஆஃப்லைனில் இருந்த நோடு திரும்பியதும் அழித்த கோப்பு உயிர்த்தெழும். கசாண்ட்ரா இந்த நீக்கக் குறிப்புகளை இயல்பாக 10 நாள் வைத்திருக்கிறது. அதைவிட நெடுங்காலம் காணாமல் போனவரைப் புதியவராகவே நடத்துங்கள்.

படி 7: நுழைவாயில்

முதன்முதலாக யாரைத் தொடர்புகொள்வது என்பதற்கு ஒரே முகவரியை வைத்தால், பியர் டு பியர் என்ற பெயருக்கு அடியில் ஒரு மைய சர்வர் ஒளிந்திருக்கிறது என்று பொருள். கடைசியாக நன்றாகப் பேசிய பியர்களை டிஸ்க்கில் எழுதி வைத்து முதலில் அவர்களை அழையுங்கள். வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல தொடக்க முகவரிகள் அதற்கு அடுத்து. 2007 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் ஏராளமான கணினிகள் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகி, எல்லாம் ஒரே நேரத்தில் உள்நுழைய முயன்றபோதும் ஸ்கைப் விழுந்தது. எனவே தொடக்கத்திலும் தற்செயலான தாமதம் வேண்டும். நாட் உள்ள இடங்களில் இணைப்பை உயிரோடு வைக்க அவ்வப்போது சிறு பாக்கெட் அனுப்ப வேண்டியிருக்கும். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் பரிந்துரைப்பது 25 விநாடி, அது நல்ல ஆரம்பப் புள்ளி.

படி 8: வரும் செய்தியை நம்பாதீர்கள்

2008 ஜூலை 20 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் முடங்கியது. சர்வர்களின் நிலையைக் காசிப் வழியாகப் பரப்பும் செய்திகளில் சிலவற்றில் ஒரே ஒரு பிட் கெட்டிருந்தது. செய்தி படிக்கக்கூடியதாகவே இருந்ததால் தவறான நிலை ஊரெல்லாம் பரவியது. பயனர் தரவுக்குச் சரிபார்ப்பு எண் இருந்தது, இந்த உள்செய்திகளுக்கு இல்லை. உங்கள் பராமரிப்புச் செய்திகள் ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் போடுங்கள். அந்நியர்கள் சேரக்கூடிய நெட்வொர்க் என்றால் டிஜிட்டல் கையெழுத்தே போடுங்கள். "இன்னார் இறந்துவிட்டார்" என்று யாரோ ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் நீக்காதீர்கள்.

படி 9: உடைத்துப் பாருங்கள்

நோடுகளைக் கொல்வது மட்டும் சோதனை ஆகாது, ஏனென்றால் அது மிகச் சுத்தமான பழுது. லினக்ஸில் ஒரு புராசஸுக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்பினால் அது உறைந்துவிடும். இணைப்பு திறந்தே இருக்கும், பதில் மட்டும் வராது. பல மென்பொருள்கள் இந்த ஒரு சோதனையிலேயே தடுமாறும். லினக்ஸின் நெட்எம் கருவியால் தாமதத்தையும் பாக்கெட் இழப்பையும் கூட்டுங்கள். ஃபயர்வாலில் ஒரே திசையை மட்டும் அடைத்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நோடுகளை ஒரே நொடியில் நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து அத்தனையையும் ஒன்றாகத் திறந்துவிடுங்கள்.

ஆயிரக்கணக்கான நோடுகளுக்கு ஒரே கணினியில் ஓடும் சிமுலேட்டர் வேண்டும். கடிகாரம், நெட்வொர்க், தற்செயல் எண் மூன்றையும் உங்கள் கட்டுப்பாட்டில் வைத்தால், ஒரு விதை எண்ணைக் கொடுத்து அதே பழுதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப நடத்தலாம். ஃபவுண்டேஷன்டிபி என்ற தரவுத்தளம் இந்த முறைக்குப் பெயர் பெற்றது. ஆரம்பத்திலேயே இப்படிக் கட்டினால் எளிது, பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

சோதனையில் நான்கு அளவுகளைப் பாருங்கள்: தேடல் வெற்றி விகிதம், நோடுக்கு ஆகும் பராமரிப்புப் போக்குவரத்து, உயிரோடு இருந்தும் இறந்ததாகக் குறிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, பழுதை நீக்கிய பின் இயல்புக்குத் திரும்ப ஆகும் நேரம். நான்காவதுதான் முக்கியம். பழுதை நீக்கியும் போக்குவரத்து இறங்கவில்லை என்றால் அமைப்பு தன் எதிர்வினையாலேயே தன்னை அமுக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது படி 4-க்குத் திரும்புங்கள்.

படி 10: தானே சரிசெய்துகொள்ளும் அளவுகளுக்கு வேலி போடுங்கள்

இப்போது பிங் இடைவெளி, சீரமைப்புச் சுற்று, நகல் எண்ணிக்கை ஆகியவற்றை நோடே மாற்றிக்கொள்ள விடலாம். அண்டையில் இருப்பவர்கள் எவ்வளவு காலம் தங்குகிறார்கள் என்பதை நோடு அளக்கட்டும். வந்துபோவது கூடினால் சுற்று நெருங்கட்டும், அமைதியானால் விரியட்டும். ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் கீழெல்லையும் மேலெல்லையும் வேண்டும். ஒரு சுற்றில் எவ்வளவு மாறலாம் என்பதற்கும் எல்லை வேண்டும். அளவீட்டையே நம்ப முடியாத நேரமும் வரும்: திடீரென்று அண்டை நோடுகளில் பெரும்பாலானவை ஒன்றாக மறைந்தால், இறந்தது அவர்களா, நம் இணைப்பா? பெரும்பாலும் நம் இணைப்புதான். அந்த நிலையில் நோடு யாரையும் இறந்ததாக அறிவிக்காமல், எதையும் நகலெடுக்காமல், பழைய பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு, இணைப்பு திரும்புகிறதா என்று மட்டும் இடைவெளியை நீட்டி நீட்டிச் சோதிக்கட்டும்.

புதிய பதிப்பை வெளியிடும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும். முதலில் ஒரு சிறு பகுதி நோடுகளுக்கு மட்டும் கொடுங்கள். மேலே சொன்ன நான்கு அளவுகளும் சில நாட்கள் நிலையாக இருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். அதற்கு முந்தைய பதிப்பும் நெட்வொர்க்கில் ஓடிக்கொண்டே இருக்கும்படி நெறிமுறையைப் பொருத்தமாக வைத்திருங்கள், ஒரு பதிப்பு மொத்தமாக விழுந்தாலும் இன்னொன்று தாங்கும்.